திருநீறும் கருஞ்சட்டையும்

குன்றக்குடி மலைமேல் சண்முகநாதர் கோயில். அடிவாரத்தில் திருவண்ணாமலை ஆதீன மடம். கடவுளே இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய பெரியார் இந்த மடத்துக்கு வந்தபோது, அளித்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அடிப்படை நம்பிக்கையிலேயே மாறுபட்டவரோடு எவ்வளவு தூரம் சேர்ந்து நடக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் பெரியாரும் இந்த மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளாரும்தான் என் முன் வந்து நிற்கிறார்கள்.

பெரியார் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய 1925-இல்தான் அடிகளார் பிறந்தார். 1952-இல் மடத்தின் தலைமை ஏற்ற அந்த இளந்துறவி, பெரியாரின் நாத்திகத்தை மேடைதோறும் எதிர்த்தார். மறு ஆண்டே பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்தார். பகை முற்றியிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் பின்னர் சந்தித்தார்கள், பேசினார்கள். சாதி ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே வலி இருந்தது.

செயலின் பரப்பைப் பார்த்தால் பெரியாரே பெரியவர். அதில் எனக்குத் தயக்கமில்லை. அவர் முன்னெடுத்த சுயமரியாதைத் திருமணம் 1967-இல் சட்டமானது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக 1970-இல் சட்டம் வந்தது. வழக்குகளைத் தாண்டி 2021-இல் பணி நியமனமே நடந்தது. அவர் மறைந்து 48 ஆண்டுகள் கழித்தும் அவர் மூட்டிய வாதம் வேலை செய்திருக்கிறது.

அடிகளாரின் பாடு வேறு. தன் காலில் விழுந்து வணங்குகிறவர்களிடமே, நீங்கள் மாற வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே நின்று இடிப்பவருக்கு எதிரிகள் மட்டுமே எதிரிகள். உள்ளே இருந்து திருத்துபவருக்குச் சொந்தக்காரர்களும் எதிரிகள். காவியோடு இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1982-இல் மண்டைக்காட்டு மதக் கலவரத்துக்குப் பின் அமைதிக்காக அங்கே போனார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வக அறிவியலாளர்களை குன்றக்குடிக் கிராமத்துக்கு அழைத்துச் சிறுதொழில்களுக்கு வழி கேட்டார். மடாதிபதி ஒருவர் மக்களின் வருமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டது, எனக்கு எந்தச் சொற்பொழிவையும்விடப் பெரிதாகப் படுகிறது.

வீட்டையும் கோயிலையும் உறவையும் விட்டுவிடாமல், அவற்றின் அநீதியோடு சண்டையிட வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது அடிகளாரின் பொறுமை. ஆனால் பெரியார் வெளியிலிருந்து அப்படி உலுக்கியிராவிட்டால், உள்ளே அந்தப் பொறுமைக்குச் செவிசாய்த்திருப்பார்களா என்பது ஐயமே. ஒருவரை மறைத்துவிட்டு மற்றவரை மட்டும் கொண்டாடும் கூட்டங்களில் என் மனம் ஒட்டுவதில்லை.