சாமிக்குக் கண் திறந்தவர் பெயர்

மார்கழி பிறந்தால் போதும், ஓசூர், பாகலூர் வட்டாரத்தில் தூரிகை பிடிப்பவர்களின் கைபேசிகளிலிருந்து செய்திகள் கிளம்பிவிடும். புது வரிசை ஓவியங்கள் தயார், சித்ர சந்தைக்கு வாருங்கள் என்று. பெங்களூரு குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் ஒருநாள் திருவிழா அது. பெரும்பாலும் ஜனவரி ஞாயிறு ஒன்றில், வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையையே ஓவியர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். செய்தியோடு ஒரு பிள்ளையாரோ ஆண்டாளோ படமாக வந்து சேரும். வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு கேள்வியும் தவறாமல் வரும்: “சாமி படம் போடுறவருக்கு எதுக்குங்க இவ்வளவு விளம்பரம்?”

கேலியாகக் கேட்டாலும் லேசான கேள்வி இல்லை. உயிரைக் கட்டிவைத்திருக்கும் மும்மலங்களில் ஆணவத்தையே சைவ சித்தாந்தம் முதலில் வைக்கிறது. கன்மமும் மாயையும் பிறகு வந்து ஒட்டியவை. ஆணவமோ செம்பில் களிம்பு போல உயிரோடு கூடவே இருப்பது. வினையைச் செய், பலனைப் பற்றாதே என்கிறது கீதை. இரண்டையும் படித்தவர் இறைவனை வரைந்துவிட்டு, ஓரத்தில் தன் பெயரை எழுதி, வந்து பாருங்கள் என்று ஊரைக் கூப்பிடுவது சரியா?

சரியில்லை என்பவர்கள் உடனே பழங்காலத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். நம் முன்னோர் பெயர் போட்டுக்கொண்டார்களா, அத்தனை அடக்கம் என்பார்கள். அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்பிராகாரத்தில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வெள்ளை யானையில் சுந்தரர், முன்னே குதிரையில் சேரமான் பெருமாள் என இருவரும் கயிலைக்குப் போகும் காட்சி அங்கே இருக்கிறது. அதைத் தீட்டியவர் யார்? தெரியாது. ஆனால் அதே கோயிலின் வெளிச்சுவரில் ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கும் உண்டு. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனுக்கும் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. முடிதிருத்துபவருக்குக்கூட இராசராசப் பெருநாவிசன் என்று பட்டம் உண்டு. இத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைத்த காலத்தைப் பெயரை வெறுத்த காலம் என்று எப்படிச் சொல்வது? அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பு, மகேந்திரவர்ம பல்லவன் ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டான். புலிக்குப் பெயர் உண்டு. சுவரோரம் வண்ணம் குழைத்தவர்களுக்குத்தான் இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை நடுகற்களின் கதையும் இதுதான். வயல் வரப்பில், ஏரிக்கரையில், சில இடங்களில் துணி துவைக்கும் கல்லாகவும் அவை கிடக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் சிலவற்றைப் பார்க்கலாம். வில்லும் வாளுமாக நிற்கும் வீரன், சில கற்களில் அவன் உடம்பில் தைத்த அம்புகள், மேலே அவனைத் தூக்கிச் செல்லும் தேவ மகளிர். எழுத்துள்ள கல்லானால் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்த ஆநிரையை மீட்கப்போய் விழுந்தான் என்று வரிசையாகச் சொல்லும். உளி பிடித்தவன் பெயரை மட்டும் பெரும்பாலும் சொல்லாது. ஆக, அந்த மௌனத்துக்கு அடக்கம் என்று பெயர் வைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கூலி கொடுத்தவர் பெயர் நின்றது, வேலை செய்தவர் பெயர் நிற்கவில்லை என்ற எளிய உண்மையை அது மூடிவிடுகிறது.

இந்த எல்லைப்புறத்தில் நின்று மேற்கே திரும்பினால் வேறொரு வழக்கம் தெரியும். பேலூர் கோயிலில் தாசோஜன் என்ற சிற்பியும் அவர் மகன் சாவணனும் தாங்கள் செதுக்கிய சிலைகளின் அடியிலேயே பெயரும் ஊரும் வெட்டிவைத்தார்கள். 13-ம் நூற்றாண்டுச் சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் பெயர் பீடத்துக்குப் பீடம் வருகிறது. அந்தக் கோயில்களை எழுப்பிய ஹொய்சள மரபில் வந்த ராமநாதன், ஓசூருக்குப் பக்கத்துக் குந்தாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். மல்லிதம்மன் பெயர் போட்டதால் சோமநாதபுரத்துக் கேசவனுக்குத் தெய்வீகம் குறைந்துவிட்டதாக எந்தப் பக்தரும் புகார் சொன்னதில்லை.

இதற்காகப் படைத்தவனின் ‘நான்’ பற்றிய கவலையே வீண் என்று தள்ளிவிட முடியாது. மரபே அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. பாகலூரிலிருந்து மாலூர் சாலையில் போனால் அந்தத் தாலுகாவில் சிவாரப்பட்டணம் என்ற சிற்பிகளின் ஊர் இருக்கிறது. தெருவுக்குத் தெரு உளிச் சத்தம், வாசல்களில் முடிந்ததும் முடியாததுமாகச் சிலைகள். சிற்பி கடைசியில் செய்யும் வேலை கண் திறப்பது. அதுவரை அது கல். சிற்பி அதன்மேல் கால் வைத்து ஏறிக்கூட வேலை செய்வார். கண் திறந்து, பிரதிஷ்டை முடிந்து, குடமுழுக்கும் ஆனபின் அவரே கருவறைக்கு வெளியே கைகூப்பி நிற்கும் பக்தர். தான் செய்ததைத் தானே தொட முடியாது. ‘நான் செய்தேன்’ என்பது அந்த இடத்தில் அறுபடுகிறது. பெயரை அழித்ததால் அல்ல, உரிமையை விட்டதால்.

கோவில்பட்டி சி. கொண்டையா ராஜுவை (1898–1976) இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர், திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் துறவு வாழ்க்கை வாழ்ந்தவர், பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதியவர். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணமும் முருகனும் சிவகாசி அச்சகங்கள் வழியே நாட்காட்டிகளாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தன. படத்தின் கீழே கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மூலையில் பொடியாக ஓவியர் கையெழுத்து. பல படங்களில் சீடர் பெயரையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். ஆசிரமத்தில் இருந்துவந்தவர் கையெழுத்தைக் கைவிடவில்லை, அதைப் பங்கு போட்டுக்கொண்டார். வருஷம் முடிந்ததும் ஜனங்கள் தேதிப் பகுதியைக் கிழித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டினார்கள். கற்பூரம் காட்டியவர்களில் எத்தனை பேர் அந்த மூலையைப் படித்திருப்பார்கள்?

நேர் எதிரான உதாரணமும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஹில்மா ஆஃப் கிளிண்ட், மேலுலகச் சக்திகளின் ஆணைப்படியே வரைவதாக நம்பினார். தான் இறந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை அந்த ஓவியங்களைக் காட்டக்கூடாது என்று எழுதிவைத்தார். 1944-ல் மறைந்தார், 1986-ல்தான் அவை லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி ஒன்றில் வெளியே வந்தன. இதையும் பணிவு என்று மட்டும் சொல்ல முடியவில்லை. இன்றைய மனிதர்களுக்கு இது புரியாது என்ற எண்ணத்திலும் ஒரு ‘நான்’ ஒளிந்திருக்கிறது.

கண்காட்சிச் செய்தி அனுப்பும் ஓவியருக்கு வீட்டு வாடகை இருக்கிறது, சட்டம் போட்ட கடையில் பாக்கி இருக்கிறது. செய்தி சொல்லாமல் படம் விற்காது. அதற்கு மேலும் ஒன்று: தன் அறையில் இருந்ததை முன்பின் தெரியாதவர்கள் பார்வைக்கு விடுகிறார், விலை சொல்கிறார், யார் வீட்டுக்கோ அனுப்பிவைக்கிறார். கண் திறந்த சிற்பி வெளியே வந்து நிற்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆணவம் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள், ஒளியையே மறைக்குமளவு பெரிய எழுத்தில் ‘உபயம்’ எழுதிய கோயில் டியூப் லைட்டிலிருந்து தொடங்கலாம்.

ஊர்க் கோயில்களில் திருப்பணி நடக்கும்போது சாரத்தின் உச்சியில் ஒருவர் பெயிண்ட் டின்னோடு உட்கார்ந்து துவாரபாலகருக்குக் கருவிழி வைத்துக்கொண்டிருப்பார். கும்பாபிஷேக அழைப்பிதழில் தலைவர், துணைத்தலைவர், அன்னதானக் குழு என்று பெயர்கள் நான்கு பக்கம் ஓடும். அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் விழாக் குழுவினர் ஒரு காரியம் செய்யட்டும்: சாரத்தின் கீழே நின்று, மேலே இருப்பவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் அதையும் சேர்க்கட்டும்.