முப்பத்தாறில் ஒருவர்

‘நான் ஊரைவிட்டுப் போறேன்’ என்று சொல்ல யாருக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. மனிதர்கள் அடைந்த சுதந்திரங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். பிறந்த இடத்தோடு ஒருவரைக் கட்டிப்போடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று நம் ஊர்த் தெருக்களின் அமைப்பைப் பார்த்தவர்களுக்கே தெரியும். ஆனால் செயின்ட் கில்டா தீவைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்திலிருந்து ஒருவர் போவதும், 36 பேர் வாழும் தீவிலிருந்து ஒருவர் போவதும் ஒரே செயல்தானா?

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளையும் தாண்டி அட்லாண்டிக்கில் சுமார் 64 கி.மீ. போனால் செயின்ட் கில்டா தீவுக்கூட்டம் வரும். அதில் மக்கள் வாழ்ந்தது ஹிர்டா என்ற ஒரே தீவில், ஒரே தெருவில். கேலிக் பேசிய மக்கள். மரமே இல்லாத ஊர். அலை மோசமாக இருப்பதால் மீனை நம்பிப் பிழைக்க முடியாது. எனவே செங்குத்துப் பாறைகளில் கயிற்றைக் கட்டி இறங்கி, கடற்பறவைகளையும் முட்டைகளையும் எடுத்துவந்து தின்றார்கள். இறகும் எண்ணெயும் நில உடைமையாளருக்கு வாடகையாகப் போயின. தினமும் காலையில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவெடுப்பார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் அதற்கு ‘பாராளுமன்றம்’ என்று பெயர் வைத்தார்கள். வேட்டையில் கிடைத்தது வீடுகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டது. பாறையில் இறங்க முடியாதவர்கள் வீட்டுக்கும் பங்கு போனது.

இதைப் படித்ததும் ‘ஆஹா, என்ன ஒரு வாழ்க்கை’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதே தெருவில்தான் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகள் எட்டு நாளுக்குள் வலிப்பு வந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. பிறந்த குழந்தைக்கு வரும் டெட்டனஸ் அது. நூற்றாண்டின் கடைசியில் ஒரு பாதிரியார் பிரசவத்தில் கிருமிநீக்க முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது நின்றது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கப்பல் வராது. அவசரம் என்றால் ஒரு மரத்துண்டைக் குடைந்து கடிதத்தை உள்ளே வைத்து, ஆட்டின் சிறுநீர்ப்பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். காற்று நன்றாக இருந்தால் ஸ்காட்லாந்தில் கரை ஒதுங்கும். இல்லாவிட்டால் நார்வே. அப்படியொரு ஊரிலிருந்து இளைஞர்கள் போனார்கள் என்றால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

1852-இல் 36 பேர் ஒரே தடவையில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். முதல் உலகப்போரின்போது கடற்படை தீவில் ஒரு நிலையம் வைத்தது. தபாலும் உணவும் ஒழுங்காக வந்தன. போர் முடிந்ததும் கடற்படை போய்விட்டது. பழைய தனிமை திரும்பி வந்தது, ஆனால் பழைய பொறுமை திரும்பவில்லை. 1920-இல் 73 பேர். 1928-இல் 37.

1930 மே மாதம் தீவுக்காரர்கள் அரசுக்கு ஒரு மனு எழுதினார்கள். அதன் சாரம் இது: எங்களில் சில ஆண்கள் வெளியே வேலை தேடிப் போக முடிவுசெய்துவிட்டார்கள். ஆடு மேய்ப்பது, துணி நெய்வது, விதவைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் போய்விட்டால் மிச்சமிருப்பவர்கள் இன்னொரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. ஆகவே எங்கள் எல்லோரையும் கூட்டிப்போய்விடுங்கள். ஒரே இடத்தில் குடியமர்த்தச் சொல்லிக்கூட அவர்கள் கேட்கவில்லை.

இந்த மனு என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. பாறையில் இறங்குகிறவருக்கு மேலே கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். படகைக் கரையில் இழுக்க ஆள் வேண்டும். அப்படி எண்ணி எண்ணி இருக்கிற இடத்தில் ஒருவர் கிளம்பினால், மற்றவர்கள் ‘இருக்கலாம்’ என்ற சாத்தியத்திலும் ஒரு பகுதியைத் தன்னோடு எடுத்துப்போகிறார். நகரத்தில் இந்தக் கணக்கே கிடையாது. நான் காலி செய்யும் அறைக்கு அடுத்த வாரமே வேறொருவர் வந்துவிடுவார். என் நாற்காலியிலும்தான். நம் சுதந்திரத்துக்குப் பின்னால் இருப்பது, நாம் இல்லாவிட்டாலும் எதுவும் நிற்காது என்ற உண்மை. ஹிர்டாவில் ஒவ்வொருவரும் வேண்டப்பட்டவர். அதுவே அவருடைய மரியாதை, அதுவே அவருடைய சங்கிலி.

அப்படியானால் போனவர்கள் தவறு செய்தார்களா? அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன். ‘நீ இல்லேன்னா நாங்க என்ன பண்ணுவோம்?’ என்ற வாக்கியம் எவ்வளவு பேரை முடக்கிப்போட்டிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தேவைப்படுகிற பெண்ணைத்தான் வீடு வெளியே விடுவதில்லை. தேவைப்படுவதே ஒருவரைப் பிடித்துவைக்கப் போதுமான காரணம் என்றால், அதிகம் உழைக்கிறவருக்குத்தான் மிகக் குறைந்த சுதந்திரம் கிடைக்கும். அது நியாயமே இல்லை.

ஆனால் ‘என் வாழ்க்கை, என் முடிவு’ என்று அதோடு முடித்துக்கொள்ளவும் முடியவில்லை. அந்த மனுவில் ‘நாங்கள் போகிறோம்’ என்பதும் ‘எங்களால் இருக்க முடியாது’ என்பதும் ஒரே தாளில் இருக்கின்றன. போகிறவர்களின் முடிவு மிச்சமிருப்பவர்களை என்ன செய்யும் என்பது ஊர் முன்னால் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. போகிறவர் இருப்பவர்களுக்குக் கடன்பட்டிருந்தால், அது இந்த அளவுக்குத்தான் என்று நினைக்கிறேன். இருக்க வேண்டிய கடமை இல்லை. ஆனால் தன் போக்கு தன்னோடு முடிந்துவிடுவதுபோல் நடிக்காமல் இருக்கும் கடமை உண்டு.

1930 ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பல் அவர்களை ஏற்றிச்சென்றது. வீடுகளில் திறந்த பைபிளையும் கொஞ்சம் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். நாய்களைக் கடலில் மூழ்கடித்தார்கள். மரமே இல்லாத தீவில் வளர்ந்த ஆண்கள் பலருக்கு அரசு கொடுத்தது வனத்துறை வேலை.

இதோடு வைத்துப் பார்க்க இன்னொரு தீவு இருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் டா குன்யா. 1961-இல் எரிமலை வெடித்ததால் அதன் மக்கள் எல்லோரும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வேலை இருந்தது, கடை இருந்தது, மருத்துவர் இருந்தார். அடுத்த ஆண்டே திரும்பிப்போவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. 148 பேர் போகலாம் என்றார்கள், 5 பேர் வேண்டாம் என்றார்கள். 1963-இல் பெரும்பாலானோர் திரும்பினார்கள். இன்றும் 200-க்கும் சற்று மேற்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். இவர்கள் வீரர்கள், ஹிர்டாக்காரர்கள் தோற்றவர்கள் என்று சொல்லிவிடலாம். அது பொய். டிரிஸ்டனில் 250-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், விற்பதற்குச் சிங்கி இறால் இருந்தது. பத்துப் பேர் போனாலும் படகு நகரும். தங்குவது மன உறுதியைச் சார்ந்தது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது எண்ணிக்கையையும் தபாலையும் மருத்துவரையும் சார்ந்தது.

‘36 பேருக்காக அரசு எவ்வளவுதான் செலவு பண்ணும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1957-இல் அதே ஹிர்டாவில், ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்க ராணுவம் ரேடார் நிலையம் அமைத்தது. ஆட்கள் வந்தார்கள், சாமான்கள் வந்தன. தூரம் அதே 64 கி.மீ.தான், கடலும் அதே கடல்தான். விதவைகளுக்கு எட்டாத தீவு ஏவுகணைக்கு எட்டியது. பிறகு 1986-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஆளில்லாத தெரு இப்போது நன்றாகப் பராமரிக்கப்படுகிறது.

கடைசியாகப் போன அந்த 36 பேரில் எஞ்சியிருந்த ஒருவரும் 2016-இல், 93 வயதில் இறந்துவிட்டார். கிளம்பும்போது அவருக்கு எட்டு வயது. அவரிடம் யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சின்ன ஊர்களைப் பார்த்து ‘இன்னும் ஏன் அங்கேயே இருக்கீங்க?’ என்று கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. பெருநகரத்துக்காரரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவருக்குத் தண்ணீரை எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்து கொண்டுவருகிறோம் என்று கணக்குப் போடுவதும் இல்லை. போகும் உரிமையை நான் இன்னமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது உண்மையான உரிமையாக இருக்க வேண்டுமென்றால், இருப்பதும் முடிகிற காரியமாக இருக்க வேண்டும். ஹிர்டாக்காரர்கள் கையெழுத்துப் போட்டபோது அவர்கள் முன்னால் ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. அதற்குப் பெயர் முடிவு என்றால், வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது.