முழுசாக் கேட்டீங்களா, அண்ணா?

தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பதினாறு வயசுத் தம்பி ஒருவன் என்னிடம் கேட்ட கேள்விதான் மேலே இருக்கிற தலைப்பு. "நான் அனுப்பின பதினேழு ரெக்கார்டிங்குக்கும் நீங்க 'சூப்பர்' போட்டிருக்கீங்க. ஒண்ணையாவது முழுசாக் கேட்டீங்களா, அண்ணா?" அவன் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர் ஆரம்பித்தது. கோயில், பள்ளி, அலுவலகம் எல்லாம் மூடி, எல்லாரும் வீவக வீட்டுக்குள்ளே. அந்த மாதம் 25-ஆம் தேதி இரவு 7.55-க்கு நாடு முழுக்க மக்கள் சன்னலோரம் நின்று 'ஹோம்' பாடியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். டிக் லீ எழுதி, கிட் சான் பாடிய 1998-ஆம் ஆண்டுத் தேசிய தினப் பாட்டு. அன்று எங்கள் வட்டத்தில் ஓர் அண்ணன் பொங்கோல் வீட்டுச் சன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தப் பாட்டை கிட்டாரில் வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்து எங்களுக்கு அனுப்பினார். அதில் ஃபேன் சத்தம் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தட்டும் சத்தமும் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் விரல் வழுக்கி, "ஐயோ" என்று அவரே சொல்வதும் பதிவாகியிருந்தது. அதை வெட்டாமல் அப்படியே அனுப்பியிருந்தார்.

அந்த "ஐயோ"தான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. இவரே இப்படி அனுப்பலாம் என்றால் நாமும் அனுப்பலாமே! ஒரு மாதத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டோம். தாதி ஒருவர், பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர், தேசிய சேவையில் இருந்த ஒருவர், ஓய்வு பெறப்போகும் மாமா ஒருவர். யாருக்கும் மேடை ஆசை இல்லை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் எப்போதோ வாங்கி, கட்டிலுக்கு அடியில் தூசு படிந்து கிடந்த கிட்டார்களைத்தான் வெளியே எடுத்தோம். நம்ம ஊர் ஈரப்பதத்தில் சும்மா கிடந்தாலே தந்தி துருப்பிடிக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பி, தந்தி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதைச் சரிபண்ணவே பாதிப் பேருக்கு இரண்டு வாரம் ஆனது.

(கிட்டார் நம்முடைய வாத்தியமா என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில்தான் வயலின் கர்நாடக இசைக்குள் வந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசிப்பைக் கேட்டு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.)

வீட்டில் பதிவு செய்து கேட்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. வாசிக்கும்போது நம் கவனமெல்லாம் விரல் மேலே இருக்கும், காது பாதிதான் வேலை செய்யும். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் வேறு யாரோ வாசித்த மாதிரி இருக்கும். கைப்பேசியை கிட்டாரின் துளைக்கு நேரே வைத்தால் ஒரே குமுறல். பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கமாக ஓர் அடி தள்ளி வைத்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். டைல்ஸ் போட்ட அறையில் எதிரொலி அதிகம், மெத்தை பக்கத்தில் உட்கார்ந்தால் குறையும். இதையெல்லாம் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். அப்போதெல்லாம் உண்மையாகவே கேட்டோம். வேறு வேலையும் இல்லையே.

அப்புறம் கதவுகள் திறந்தன. வேலை, பள்ளி, எம்ஆர்டி ஓட்டம் திரும்பி வந்தது. பதிவுகள் மட்டும் நிற்கவில்லை. கேட்பதுதான் நின்றது. நான் ரயிலில் நின்றபடி முதல் பத்து வினாடி கேட்பேன், 'சூப்பர் தம்பி' என்று போடுவேன், கைதட்டும் படம் ஒன்று சேர்ப்பேன், அடுத்த செய்திக்குப் போவேன். நான் மட்டும் இல்லை, எல்லாருமே அப்படித்தான். ஊக்கம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தத் தம்பி எங்களோடு சேர்ந்தது போன வருஷம். நல்ல பையன், தினமும் வாசிப்பான். ஆனால் எஃப் கார்ட் அவனுக்கு வராது. கிட்டார் கற்றவர்களுக்குத் தெரியும், அது ஆட்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் குறுக்கே போட்டு ஆறு தந்தியையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டிய இடம். அங்கே வரும்போது அரைத் தட்டு நிற்பான். அப்புறம் விட்டதைப் பிடிக்க வேகமாக ஓடுவான். தனியாக வாசிக்கும்போது இது பெரிய குறையாகத் தெரியாது, பாட்டு அவனோடு சேர்ந்து நிற்கும், அவனோடு சேர்ந்து ஓடும். அவனுடைய முதல் பதிவிலேயே எனக்கு இது கேட்டது. புதுசாக வந்த பையன், இப்போதே ஏன் மனசைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை.

ஒரு கோயில் மண்டபத்தில் இளையர் நிகழ்ச்சி. இரண்டு தங்கைகள் பஜனை பாட, இவன் கிட்டார். "நீங்க எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னதாலதான் ஒத்துக்கிட்டேன்" என்று பின்னால் சொன்னான். முதல் சுற்றிலேயே பாடுகிறவர்கள் முன்னே போனார்கள், இவன் பின்னே. தபேலா அண்ணன் தாங்கிப்பிடிக்கப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தார்கள். அவன் உள்ளங்கையைத் தந்திகள் மேல் வைத்து நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான். சபை பலமாகக் கைதட்டியது. அன்பினால்தான் தட்டினார்கள். அந்தக் கைதட்டலிலும் நான் போட்ட 'சூப்பர்'களே அவனுக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஊக்கப்படுத்துவதற்காகச் சொல்லும் பொய் தப்பா?

எங்கள் வட்டத்தில் இதைப் பேசியபோது ஒருவர் உடனே திருக்குறளை எடுத்தார். வாய்மை அதிகாரம், 292-ஆம் குறள். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார் வள்ளுவர். "அப்புறம் என்ன? நாம நல்லதுக்குத்தானே சொன்னோம்" என்றார் அவர். நானும் இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த நிபந்தனையைக் கொஞ்சம் பாருங்கள். குற்றமில்லாத நன்மை. என் பொய்யால் நன்மை அடைந்தது யார்? நான்தான். இரண்டு வினாடியில் வேலை முடிந்தது, நல்ல அண்ணன் என்ற பெயரும் கிடைத்தது. அவனுக்குக் கிடைத்தது அந்த மேடை. முந்தின குறளில் வாய்மை என்பதே யாருக்கும் தீமை இல்லாத சொல் என்று சொல்லிவிட்டுத்தான் வள்ளுவர் இதற்கு வருகிறார். அந்த இரண்டில் எதைக்கொண்டும் என்னைக் காப்பாற்ற முடியவில்லை.

அப்போ உண்மையை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டுமா? அதையும் பார்த்திருக்கிறோம். முறையாகக் கற்று, தேர்வெல்லாம் எழுதிய ஒருவர் கொஞ்ச நாள் எங்களோடு இருந்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. "சுருதி சேரல, தாளம் இல்ல, அடிப்படையே சரியில்ல" என்று ஒரு அக்காவுக்கு எழுதினார். இரவு வேலை முடிந்து வந்து, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் தந்திக்கு அடியில் துணியைச் செருகி வாசிக்கிறவர் அந்த அக்கா. அதற்கப்புறம் அவர் எதுவும் அனுப்பவில்லை. யோசித்துப் பார்த்தால் அவரும் என்னைப் போலத்தான். நான் கேட்காமல் புகழ்ந்தேன், அவர் கேட்டுவிட்டுக் கைகழுவினார். சொன்னதற்கப்புறம் அந்தக் குறையோடு இரண்டு பேருமே இருக்கவில்லை.

பெரியபுராணத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. ரொம்ப நாளாகத் தெரிந்த கதைதான், ஆனால் இந்த விஷயம் நடந்த பிறகு வேறு மாதிரி படுகிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய், அவர் பதிகம் பாடப் பாட யாழில் வாசிப்பவர். இருவரும் தருமபுரத்துக்கு வருகிறார்கள். அது யாழ்ப்பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கே இருந்த சொந்தக்காரர்கள், நீ யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பதிகங்களுக்கே பெருமை என்று புகழ்கிறார்கள். கவனியுங்கள், பாசத்தினால் வந்த புகழ்ச்சி. யாழ்ப்பாணர் பதறிப்போகிறார். அது உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியும். யாழுக்குள் அடங்காத ஒரு பதிகம் பாடுங்கள், இவர்களுக்கு உண்மை புரியட்டும் என்று சம்பந்தரிடம் தானே போய்க் கேட்கிறார். சம்பந்தர் பாடுகிறார். யாழில் வரவில்லை. அதனால்தான் அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர்.

வெட்கமும் துக்கமும் தாங்காமல் யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்குகிறார். அந்த இடத்தில் சம்பந்தர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். "இல்லை இல்லை, நீங்கள் நன்றாகத்தான் வாசித்தீர்கள்" என்று சொல்லவில்லை. உங்களால் முடியாது என்றும் சொல்லவில்லை. யாழைக் கையில் வாங்கிக்கொள்கிறார். இறைவனின் பெருமை ஒரு கருவிக்குள் அடங்குமா, இதில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வாசியுங்கள் என்ற கருத்தில் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். வராததை வந்ததாகச் சொல்லவில்லை, ஆளையும் விட்டுவிடவில்லை. அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்தே போகிறார்கள்.

இது பெரியவர்களுக்குத்தான் முடியும் என்று தோன்றினால், தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் நின்று பாருங்கள். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை சுமார் நான்கு கிலோமீட்டர். 1973-லிருந்து ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016-ல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அதுவரைக்கும் காவடி எடுப்பவருக்குத் துணை, கூட நடக்கிறவர்களின் வாய்தான். அந்தக் கூட்டாளிகளைக் கவனித்திருக்கிறீர்களா? "வேல் வேல்" என்பார்கள். "பட்டை தளர்ந்திருக்கு, நில்லு" என்பார்கள். "வேகமாப் போறே, மெதுவா" என்பார்கள். ஒருவன் ஸ்டூல் தூக்கிக்கொண்டு வருவான், இன்னொருவன் தண்ணீர். 'சூப்பர்' என்று கத்திவிட்டு எம்ஆர்டி ஏறிப்போகும் கூட்டாளியைக் காவடிக்குப் பக்கத்தில் பார்க்க முடியாது. அவர்கள் குறையைச் சொல்லும்போது யாருக்கும் வலிக்காததற்குக் காரணம், வெயிலில் அவர்களும் கூடவே நடக்கிறார்கள் என்பதுதான்.

கீதையின் பதினேழாவது அத்தியாயம் பதினைந்தாவது சுலோகத்தில் வாக்கினால் செய்யும் தவம் என்ன என்று கண்ணன் சொல்கிறான். பிறர் மனசைக் கலக்காதது, உண்மையானது, இனிமையானது, நன்மை தருவது. இந்த நான்கையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதே சுலோகத்தில் கடைசியாக இன்னொன்றும் வருகிறது, வேதத்தை ஓதிப் பழகுவது. நல்ல பேச்சுக்கு நடுவில் இது எதற்கு என்று முன்னால் நினைத்திருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது, இது என் சொந்த ஊகம்தான், மற்ற நான்கும் பழக்கத்தினால்தான் வரும். உண்மையை இனிமையாகச் சொல்வதும் எஃப் கார்ட் மாதிரிதான். முதல் நாளே வராது.

தேக்காவில் அவன் கேட்ட கேள்விக்கு, "இல்லப்பா, கேட்கல" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் எதுவும் பேசவில்லை. "முதல் தடவை கேட்டப்பவே எஃப்-ல நீ நிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். அதற்குத்தான் அவன் முகம் மாறியது. கேட்காததை மன்னித்துவிடுவான் போல. தெரிந்தும் சொல்லாததை அவ்வளவு சுலபமாக மன்னிக்க முடியாது என்று பட்டது. "கிட்டாரை விடல அண்ணா. வீட்டுல வாசிக்கிறேன். அனுப்பத்தான் மாட்டேன்" என்றான். பஃபலோ ரோடு முனை வரை பேசாமல் நடந்து வந்து பஸ் ஏறினான்.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கேட்டேன் என்று சொல்வதானால், எந்த நிமிஷத்தில் என்ன கேட்டது என்று ஒன்றாவது எழுத வேண்டும். நல்லதாகவும் இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம். சிலருக்கு இது பிடிக்கவில்லை, பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று இரண்டு பேர் விலகிவிட்டார்கள். பாராட்டும் குறைந்துவிட்டது. முன்னால் நாளுக்கு இருபது வந்த இடத்தில் இப்போது மூன்று நான்கு. அந்த அக்காவுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

போன வாரம் அந்தத் தம்பிக்கு மட்டும் நான் வாசித்த ஒன்றை அனுப்பினேன். அறிவுரை எதுவும் எழுதவில்லை. தடுமாறின இடங்களை வெட்டவும் இல்லை. இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதில் வந்தது.

"மூணு தடவை கேட்டேன் அண்ணா. 1 நிமிஷம் 12-வது செகண்ட்ல ஆறாவது தந்தி அதிருது. கேப்போ சாய்ஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், பாருங்க."

பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.