ஒரே வண்டி போதுமா?

விராலிமலையை உள்ளடக்கிய புதுக்கோட்டை மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும்போது, எல்லா வண்டிகளையும் ஒன்றாக ஓடவிடுவதில்லை. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்தே விடுகிறார்கள். வலியதும் எளியதும் ஒரே கோட்டில் நின்றால் அது போட்டியன்று, அநீதி. இந்த அறத்தை நம் உழவர்கள் ஏடு படித்துக் கற்கவில்லை.

மோட்டார் பந்தய உலகம் இதே அறத்தை வேறு வழியில் கண்டது. செல்வம் படைத்தவர் விரைவான வண்டியை வாங்கிவிடலாம். அப்போது வென்றது ஓட்டுநரின் திறமையா, பணப்பையா? இக்கேள்விக்கு விடையாகவே, அனைவருக்கும் ஒரேவகை வண்டி என்னும் பந்தயங்கள் பிறந்தன. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடும் 'டி.ஏ.2' பந்தயத்தில் மஸ்டாங், கமாரோ எனப் புறக்கூடுகள் வேறுபடும். உள்ளிருக்கும் சட்டகமும் எஞ்சினும் பொதுவிதிக்கு உட்பட்டவை. நம் கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980-களின் இறுதியில், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' வண்டியை உருவாக்கினார். பந்தயத்தின் செலவு குறைந்தது. இளைஞர் பலருக்குக் கதவு திறந்தது. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். அவ்வகை வண்டியில் ஓட்டிப் பழகிய நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

ஒரே வண்டி என்றதும் சாக்குப்போக்குகள் மறைகின்றன. தோற்றவர் எஞ்சினைக் குறைகூற முடியாது. வென்றவர் அதனால் வென்றதாக ஐயுறவும் தேவையில்லை. அதனால்தான் விதிமீறி எஞ்சினை மறைவாகத் திருத்துபவர் பரிசை மட்டுமன்று, மற்றவர்களின் உழைப்புக்குரிய உண்மையையும் திருடுகிறார்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரே வண்டியைக் கொடுத்துவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதா? தொடக்கக் கோட்டுக்கு வந்து சேர்வதற்கே பயிற்சி வேண்டும், பயணச் செலவு வேண்டும், துணைநிற்கும் குடும்பம் வேண்டும். நம் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். ஒரே சீருடை, ஒரே பாடநூல், ஒரே வினாத்தாள். ஆனால் விடியலில் தண்ணீர் சுமந்து, தம்பி தங்கையரைக் கவனித்து, பசியோடு வந்தமரும் சிறுமியும், தனிப்பயிற்சி பெற்று வரும் சிறுவனும் ஒரே இடத்திலிருந்தா புறப்படுகிறார்கள்?

தாலந்து உவமையில் (மத்தேயு 25) தலைவர் ஊழியர் அனைவருக்கும் சமமாகக் கொடுக்கவில்லை. ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று. ஆனால் ஐந்தை ஈட்டியவரும் இரண்டை ஈட்டியவரும் ஒரே பாராட்டையே பெறுகின்றனர். யார் முந்தினார் என்று தலைவர் ஒப்பிடவில்லை. பெற்றதைக் கொண்டு என்ன செய்தாய் என்றே பார்க்கிறார்.

பந்தயத்துக்கு ஒரே அளவுகோல் தேவை; அங்கே முதல்வரைக் கண்டாக வேண்டும். வாழ்வுக்கு அது போதாது. விதிகள் அனைவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அவற்றை நேர்மையோடு காப்போம். அதோடு நின்றுவிடாமல், கோட்டையே எட்ட முடியாதவர் நம் பங்கில் யார் என்றும் தேடுவோம். மாலையில் ஓர் ஏழைக் குழந்தைக்கு அருகமர்ந்து பாடம் சொல்லித் தருவதும் நீதியின் பணியே. மதிப்பெண் பட்டியல் வெளியாகும் நாளில், அக்குழந்தை கடந்து வந்த தொலைவையும் சேர்த்தே மதிப்பிடுவோம்.