கொடையும் கட்டளையும்: திறமூல மென்பொருளில் உரிமக் குறிப்பின் அறம்

கொடுத்த பொருளின்மேல் கொடுத்தவருக்கு ஏதேனும் உரிமை எஞ்சுமா? தமிழ் மரபில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு. தாரை வார்த்துக் கொடுத்தால், நீரோடு பொருளும் கைமாறிவிடும், கொடுத்தவர் விலகிக்கொள்வார். கட்டளையாகக் கொடுத்தால், பொருளோடு ஒரு விதியும் சேர்ந்தே செல்லும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குப் பல இடங்களில் 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். மந்தை குறையக்கூடாது, விளக்கு அணையக்கூடாது என்பதே விதி. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள கோயில்களில் இன்றும் உபயம் என்பது இன்னாருடையது, இன்ன நாளுக்குரியது என்று குறிக்கப்படுகிறது.

திறமூல மென்பொருள் இந்தக் கட்டளையின் இனம். எடுக்க எடுக்கக் குறையாததால் அதுவும் ஒரு சாவா மூவாப் பேராடுதான். அதனோடு செல்லும் விதியே உரிமம். எம்ஐடி உரிமம் ஆசிரியரின் பெயரும் உரிம வாசகமும் உடன்வர வேண்டும் என்கிறது. 1989இல் வந்த ஜிபிஎல் உரிமம், மாற்றியமைத்து வெளியிடுபவரும் அதே உரிமையைப் பிறருக்குத் தர வேண்டும் என்கிறது. லோகித், நோட்டோ முதலிய தமிழ் எழுத்துருக்கள் பயன்படுத்தும் ஓஎஃப்எல் உரிமம், எழுத்துருவைத் தனியாக விற்பதைத் தடுக்கிறது. தாரை வார்ப்பதற்கு நிகரானது, எல்லா உரிமையையும் துறக்கும் சிசி0.

விலையில்லாதது எல்லாம் கட்டற்றது ஆகிவிடாது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு மேக் கணினிகளுடன் வருகிறது. அதற்குத் தனி விலை இல்லை. அதனாலேயே அதைப் பிரித்தெடுத்துப் பிறருக்கு வழங்கும் உரிமை வந்துவிடாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவு செய்யாத படைப்புக்கும் பாதுகாப்பு உண்டு. ஆகவே உரிமம் எழுதப்படாத நிரலின் மௌனம் சம்மதம் ஆகாது.

இங்கேதான் பொதியாளரின் கடமை தொடங்குகிறது. பலர் எழுதிய நிரலைத் தொகுத்துப் பயனரிடம் சேர்ப்பவர் அவர். நிரலுக்கு உரிமையாளர் அல்லர், அறங்காவலர். டெபியன் இயங்குதளத்தில் ஒவ்வொரு பொதியும் பதிப்புரிமைக் கோப்பு ஒன்றைச் சுமக்கிறது. ஒரே பொதியில் பல உரிமங்கள் கலந்திருக்கலாம் என்பதால், எந்தக் கோப்பு யாருடையது, எந்த உரிமத்தில் வந்தது என்று பிரித்து எழுத வேண்டும். உரிமங்களைச் சுருக்கக் குறிகளால் சுட்டும் எஸ்பிடிஎக்ஸ், ஐஎஸ்ஓ/ஐஇசி 5962:2021 என்ற பன்னாட்டுத் தரமாகியுள்ளது. ஆயினும் குறி விதியை மட்டுமே சொல்லும், கொடுத்தவரைச் சொல்லாது. பெயரும் முழு வாசகமும் உடனிருந்தால்தான் பதிவு நிறைவுறும்.

உரிமம் தெளிவில்லாத நல்ல நிரல் கிடைத்தால் என்ன செய்வது? ஆசிரியரைக் கேட்க வேண்டும்; விடை வராவிட்டால் பொதியில் சேர்க்காமல் விட வேண்டும். இது நன்றி மறத்தல் அன்று. ஊகத்தின் பேரில் ஏற்பவர், கொடுத்தவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்கிறார். கொடை என்பது கொடுப்பவரின் விருப்பம். அந்த விருப்பம் தெரியாதபோது கையில் இருப்பது பொருள் மட்டுமே. அது இன்னும் கொடையாகவில்லை.