நாலு பேரும் ஓர் இறக்கையும்

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் பழக வருகிறவர் கையில் முதலில் கொடுப்பது ‘டிரெய்னர்’ வகை. அதை முன்பக்கமிருந்து பாருங்கள். இரண்டு இறக்கையும் நுனியில் கொஞ்சம் தூக்கியிருக்கும், அகலமாக விரித்த ‘வி’ எழுத்து மாதிரி. டைஹெட்ரல் என்று பேர். அழகுக்காக வைத்ததில்லை. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கினால், தாழ்ந்த பக்கத்து இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கும். அந்தப் பக்கம் தூக்குவிசை கூடும், விமானம் தானாக நிமிரும். பதற்றத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டால்கூட பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சாகச விமானம் வேறு சாதி. இறக்கை ஏறக்குறைய நேர்கோடு. மேல்பக்க வளைவும் கீழ்ப்பக்க வளைவும் ஒன்றே. தலைகீழாகவும் நேராகப் பறப்பதுபோலவே பறக்க வேண்டும் என்பதற்காக அப்படி. உலகப் போட்டிகளில் எஃப்3ஏ என்ற பிரிவு உண்டு. நீளம், இறக்கை அகலம் இரண்டும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள். அந்த விமானங்களை நீங்கள் எப்படி விட்டீர்களோ அப்படியே நிற்கும். சாய்த்து விட்டால் சாய்ந்தே போகும். நிமிர்த்துவது உங்க விரல் மட்டும்தான்.

(நம்ம பிள்ளைகள் பலர் இந்த விளையாட்டைக் கேள்விப்பட்டதே நடிகர் அஜித்குமாரால்தான். மாடல் விமானம் பறக்கவிட்டுப் பழகிய அவர், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு 2ஆம் இடம் பெற்றது.)

சரி, தானாக நிமிர்கிற விமானத்தை விழாமல் ஓட்டியவரை நல்ல விமானி என்போமா? அப்படியானால், தப்பு செய்ய வழியில்லாத இடத்தில் தப்பு செய்யாமல் இருந்தவரை ஒழுக்கமானவர் என்று சொல்லலாமா?

சி ரூசா, போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி வாழ்ந்த வாழ்க்கைக்கு டைஹெட்ரல் இருந்தது. லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் பெரியம்மா, இந்தப்பக்கம் மாமா. காலையில் பெரட்டுக்கு வராதவன் யார் என்று மண்டோருக்குத் தெரியும், சாயங்காலம் கோயிலுக்கு வராதவள் யார் என்று ஊருக்கே தெரியும். கொஞ்சம் சாய்ந்தால் போதும், “நாலு பேர் என்ன சொல்வாங்க?” என்ற ஒரு கேள்வி நிமிர்த்திவிடும். (அதே நாலு பேரில் இரண்டு பேர் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.) பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் கோலாலம்பூர் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டன. இன்றைக்கு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியவர் எழுந்து, “தோட்டத்துல இருந்த கட்டொழுங்கு போச்சு” என்கிறார். நம் இயக்கக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறோம்.

அவர் சொல்வது பாதி உண்மை. மறு பாதியை அந்த இறக்கையே காட்டுகிறது. டிரெய்னரைத் தலைகீழாகப் பறக்கவிட்டுப் பாருங்கள். ‘வி’ இப்போது கவிழ்ந்துவிட்டது. நிமிர்ந்திருந்தபோது சாய்வைத் திருத்திய அதே கோணம், சாய்ந்த பக்கமே இன்னும் சாய வைக்கும். விமானம் அந்த நிலையில் நிற்காது, ஒரு இறக்கையைத் தொங்கப் போட்டுச் சரியும். உயரம் குறைவென்றால் தரைதான்.

நாலு பேர் பேச்சும் அப்படித்தான். வாழ்க்கை நேராக இருக்கும்வரை அது காப்பு. எஸ்.பி.எம். தேர்வில் விழுந்த பிறகு, வேலை போன பிறகு, ஆலோங்கிடம் கடன் வாங்கிய பிறகு, கல்யாணம் முறிந்த பிறகு? வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல், தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வருகிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பொய்க்குள் தள்ளுவது கெட்ட சகவாசம் இல்லை, மானம். நிமிர்த்தி வைத்த அதே கை, கவிழ்ந்தவனை அழுத்துகிறது. சிலர் அந்த அழுத்தத்தில் உயிரையே விட்டிருக்கிறார்கள்.

அப்போ டைஹெட்ரலையே வெட்டிவிடலாமா? மாடல் கட்டுகிறவர்கள் அதையும் செய்வதுண்டு. ஓட்டப் பழகியதும் புது விமானம் வாங்காமல், டிரெய்னர் இறக்கையின் நடுவில் இருக்கும் பிளைவுட் இணைப்பை எடுத்துவிட்டு, கோணம் குறைத்து அறுத்த புது இணைப்பை எபோக்சியில் ஒட்டுவார்கள். ஆனால் சும்மா ஒட்டி விடுவதில்லை. லூப் அடித்து மேலே இழுக்கும்போது இறக்கை தாங்கும் பாரம், நேராகப் பறக்கும்போது தாங்குவதைப்போல் பல மடங்கு. அதனால் நடு மூட்டில் கண்ணாடி இழைத் துணியைச் சுற்றிப் பிசின் பூசி இறுக்குவார்கள். கோணத்தை எடுத்துவிட்டு மூட்டைப் பலப்படுத்தாதவனுடைய இறக்கை வானத்திலேயே மடியும். நகரத்துக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் நடந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது. நாலு பேர் போய்விட்டார்கள், அந்த இடத்தில் உள்ளே எதுவும் வைக்கப்படவில்லை. தேவாரம் மனப்பாடமாகத் தெரியும். ஏன் பாடுகிறோம் என்று பிள்ளை கேட்டால் “கேள்வி கேட்காதே” என்பதுதான் பதில்.

கீதையில் கண்ணன் அப்படிச் செய்யவில்லை. தேரோட்டியாகக் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 18ஆம் அத்தியாயத்தில், இதையெல்லாம் நன்றாக யோசித்துப் பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று அர்ச்சுனனிடமே விட்டுவிடுகிறான். சொன்னது ஆண்டவன். முடிவெடுத்தது அர்ச்சுனன்.

“விட்டா கெட்டுப்போயிடுவாங்க” என்ற பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. நேர் இறக்கை விமானம் தரையை நோக்கியும் அதே கீழ்ப்படிதலோடு போகும். அதனால்தான் யாரும் அதைத் தனியாகக் கற்றுக்கொடுப்பதில்லை. இரண்டு ரிமோட்டை இணைத்து, ஒன்று மாணவன் கையில், ஒன்று குரு கையில் இருக்கும். குரு ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவனுடையது. விரலை எடுத்தால் அடுத்த நொடி குருவுடையது. ஆள் இல்லாத வெளியில், தப்பு நடந்தால் திருத்த நேரம் கிடைக்கிற உயரத்தில் பழகுவார்கள். அந்த உயரத்துக்கும் எல்லை உண்டு, மலேசியாவில் அனுமதியின்றி 400 அடிக்கு மேல் போகக்கூடாது. போர்ட்டிக்சன் ராணுவ முகாம்கள் உள்ள ஊர், எங்கே பறக்கவிடலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சுவிட்சைப் போடவே கூடாது.

முதல் தடவை தலைகீழாகப் பறக்கும்போது எல்லார் கையும் ஒரே தப்பைத்தான் செய்யும். மூக்கு கீழே இறங்குவதைப் பார்த்ததும் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கும். நேராகப் பறக்கும்போது அது ஏற்றும், தலைகீழில் அது நேரே தரைக்குக் கொண்டுபோகும். தள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கிற நல்ல குரு அந்த நேரத்தில் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பிக்க மாட்டார். “தள்ளு, தள்ளு” என்று மட்டும் சொல்வார். திட்டுவதெல்லாம் இறங்கின பிறகு.