நாட்பட்ட பயறும் நம் தர்மமும்

ரமளான் நெருங்கும்போது அடுப்பங்கரை அலமாரிகளை ஒழித்துச் சுத்தம் செய்வது நம் இல்லங்களின் வழக்கம். அப்போது டப்பாக்களின் அடியிலிருந்து இரண்டு மூன்று வருடத்து மொச்சையும், காராமணியும், கொண்டைக்கடலையும் வெளிப்படும். "யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடு, ஸதகாவாகப் போகட்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இது ஸதகா ஆகுமா? சற்றே சிந்திப்போம்.

சேமித்து வைத்தது குற்றமன்று. செழிப்பான ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு காத்துவைக்க யூஸுஃப் நபி (அலை) வழி சொன்ன வரலாற்றைத் திருமறையின் 12-வது அத்தியாயத்தில் காண்கிறோம். ஆனால் அந்தச் சேமிப்பு பஞ்சத்தில் மக்கள் உண்பதற்காக. மறந்து கிடப்பதற்காக அன்று.

வெப்பமும் ஈரமும் பட்டு நாட்பட்ட பயறு உள்ளே இறுகிவிடுகிறது. இரவெல்லாம் ஊறினாலும், நெடுநேரம் அடுப்பில் கிடந்தாலும் எளிதில் மசிவதில்லை. அதை ஓர் ஏழைத் தாயின் கையில் கொடுத்தால், அவளுடைய விறகும் எரிவாயுவுமல்லவா தீர்கின்றன? நாம் கொடுத்தது பயறன்று, செலவு! பிறர் தந்தால் நாமே மனமுவந்து ஏற்காத மட்டமான பொருளைத் தேர்ந்து தர்மம் செய்வதைத் திருமறை (2:267) தடுக்கிறது.

"பசித்தவனுக்குப் பழையதும் அமுதமல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அவனுடைய பசி அவனுடைய சோதனை. மட்டமானதைத் தள்ளிவிட அது நமக்குக் கிடைத்த அனுமதியாகாது.

அப்படியானால் குப்பையில் கொட்டலாமா? உண்ணத் தகுந்ததைக் கொட்டுவது வீண்விரயம்; அதையும் திருமறை (7:31) தடுக்கிறது. எனவே பழையதை நாம் உண்போம், புதியதைக் கொடுப்போம்.

பூசணம் பூத்ததையும் கெட்ட வாடை வீசுவதையும் முதலில் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூசண நஞ்சு வேகவைத்தாலும் முழுவதும் போகாது. அதை வாயில்லா ஆட்டுக்கும் வைக்கலாகாது. மற்றதை ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்து 12 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, குக்கரில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வேகவிடலாம். புளிப்பு பயற்றை வேகவிடாது. ஆகவே புளியும் தக்காளியும் பின்னரே சேர வேண்டும். வெந்தும் சற்றுக் கெட்டியாக நிற்பதை அரைத்துக் குழம்பில் கரைத்துவிடலாம்.

இனி வாங்கும்போது டப்பாவின்மேல் தேதியை எழுதி வைப்போம். பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குவோம். நம் பிள்ளைகள் உண்ணும் தரத்தையே பிறர் பிள்ளைகளுக்கும் கொடுக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.